ஒரே கணினியில் இரண்டு பைத்தான்

கப்பல் நடுக்கடலில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, கடலடியில், ஒலிகளைப் பதிவு செய்யும் கருவி கிடந்தது. அதைத் தூக்குவதா, விட்டுவைப்பதா என்று கரையிலுள்ள ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அவள் சொல்ல வேண்டும். மதியத்துக்குள் சொல்லாவிட்டால் தூக்கிவிடுவார்கள். ஆராய்ச்சிக்கூட இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார். கருவிக்கு இன்னொரு குழு காத்திருந்தது. போனால் அவள் கைக்குத் திரும்பாது.

அந்த இடத்தில் திமிங்கிலம் இருக்கிறது என்று நம்பியவள் அங்கே அவள் ஒருத்திதான். கருவியிடமிருந்து வாங்கிக் கப்பல்காரர்கள் அனுப்பிய பதிவில் வெறும் எஞ்சின் உறுமல்தான் கேட்டது. உறுமலை நீக்கிக் குரலைப் பிரித்தெடுக்க ஒரு நிரல் இருந்தது. முன்னொரு காலத்தில் இங்கே படித்த மாணவர் யாரோ பைத்தான் என்ற கணினிமொழியில் எழுதிவிட்டுப் போனது. பழைய பைத்தானில்தான் ஓடும். பதிவைத் திறக்கும் நிரலுக்கோ புதிய பைத்தான்தான் வேண்டும். ஒன்றைச் சரிக்கட்டினால் மற்றது முறுக்கிக்கொண்டது.

பொறுமை போய், அவள் கணினியின் அடிமடியிலேயே கை வைத்தாள். அது தன் சொந்த வேலைகளுக்காக வைத்திருந்த பைத்தானை நகர்த்திவிட்டு, அங்கே பழையதை உட்காரவைத்தாள். அதன்பிறகு கட்டளை எழுதும் ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

கீழ்த்தளத்தில் கணினிகளைப் பராமரிப்பவள் அவள் நாத்தனார். கூப்பிட்டதும் படியேறி வந்தாள்.

"என்ன அண்ணி பண்ணீங்க?"

"பைத்தான மாத்தினேன்."

"எத? சிஸ்டத்தோடதையா?"

அவள் தலையாட்டினாள்.

"கூரைய மாத்தறதுக்கு அஸ்திவாரத்தத் தோண்டியிருக்கீங்க. உங்களப் போயி புத்திசாலின்னு எங்கண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்."

"கிண்டல அப்புறம் வச்சுக்கோ. கப்பல் நிக்குது."

நாத்தனார் நின்றபடியே மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். படங்களெல்லாம் மறைந்து கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் மின்னியது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தாள். கணினிக்கு உயிர் வந்தது. பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க ரெண்டு நிரலுக்கும் கணக்குப் போட இந்தத் துணைநிரல் தொகுப்பு வேணும். ஒண்ணு அதுல பழைய பதிப்பத்தான் தொடுவேங்குது. இன்னொண்ணு பழசக் கண்ணெடுத்தும் பாக்க மாட்டேங்குது."

"சமாதானமே ஆகாதா?"

"ஆகாது. தனிக்குடித்தனம் வச்சுட வேண்டியதுதான். நீங்க எங்கம்மாகிட்டக் கேட்டீங்களே, அந்த மாதிரி."

"உங்கம்மா எங்க விட்டாங்க?"

"கணினி விடும் அண்ணி."

ஒரே கணினிக்குள் இரண்டு தனி அறைகள் போல அமைத்தாள். ஒன்றில் புதிய பைத்தான். அது பதிவைத் திறந்து சாதாரண ஒலிக்கோப்பாக எழுதும். மற்றதில் பழையது. அது அந்தக் கோப்பை எடுத்துக் குரலைப் பிரிக்கும்.

"ரெண்டும் முகம் பாத்துக்கவே வேணாம். கோப்ப வாசல்ல வச்சுட்டுப் போனாப் போதும்."

பழைய அறைக்கு வேண்டியவை இணையத்திலிருந்து இறங்கத் தொடங்கின. கணினி ஒரு பதிப்பை எடுத்துப் பார்த்தது, ஒத்துவரவில்லை, தள்ளியது. அதற்கு முந்தையதை எடுத்தது. அதுவும் இல்லை. இன்னும் முந்தையது. திரையில் பதிப்பு எண்கள் இறங்கிக்கொண்டே போயின. ஆண்டுகளும் கூடவே இறங்கின.

"இதெல்லாம் இன்னுமா வச்சிருக்காங்க?" என்றாள் அவள்.

"எதையும் தூக்கிப் போடறதில்ல அண்ணி."

"யாரு?"

"யார் யாரோ. ஒருத்தரையும் எனக்குத் தெரியாது."

அவள் திரையையே பார்த்திருந்தாள். முகம் தெரியாதவர்கள் எழுதியது, வேறு முகம் தெரியாதவர்கள் காத்து வைத்தது. யாருக்கு வேண்டியிருக்கும் என்று தெரியாமலே வைத்திருக்கிறார்கள். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எண்கள் ஓரிடத்தில் நின்றன. எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன.

நிரல் ஓடியது. அவள் தேடிய திமிங்கிலத்தின் குரல் மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த சுருதி. அவள் வேகத்தைப் பத்து மடங்கு கூட்டி ஒலிபெருக்கியைத் திறந்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குரல், நீளமாக, கீழிருந்து மேலேறி நின்றது. அமைதி. தொலைவிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது.

"ரெண்டா அண்ணி?" நாத்தனாரின் குரல் இறங்கிவிட்டது.

மூன்றாவதும் வந்தது.

அவள் கப்பலுக்கு ஃபோன் போட்டாள். மாலுமித் தலைவர் எடுத்தார்.

"ஆளுங்க கயித்தப் புடிச்சிட்டு நிக்கிறாங்கம்மா. தூக்கவா?"

அவள் ஃபோனை ஒலிபெருக்கியின் அருகே பிடித்தாள். குரல் ஏறியது, நின்றது, பதில் வந்தது. மறுமுனையில் காற்றின் இரைச்சல் மட்டும்.

"இது எங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"நீங்க நிக்கிற எடத்துக்குக் கீழ."

அவர் ஃபோனை மூடாமலே யாரிடமோ சொன்னார்: "கயித்த விட்டுட்டு இங்க வாங்கடா. எல்லாரும் வாங்க. எஞ்சின நிறுத்து."