நன்றாகத் தூங்கியவர் முறை

கம்பி சுற்றும் பிரிவுக்கு உண்மையில் தலைவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்வதற்காகத்தான் கிளமென்ட்டை அந்தத் தொழிற்சாலைக்கு அழைத்திருந்தார்கள்.

துவாக்குடிப் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலையில் மோட்டார்களுக்கான காயில் சுற்றுவது பெண்களின் வேலை. அங்கே இருந்த சூப்பர்வைசர் ஓய்வுபெற்றுப் போய் எட்டு மாதமாகியும் வேறொருவரைப் போடவில்லை. இந்த இடைவெளியில் வேலை கெட்டுப்போகும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் முன்னைவிடக் காயில்கள் கூடுதலாக வந்தன. வீணாகும் செப்புக் கம்பி குறைந்தது. அப்படியானால் அவர்களுக்குள்ளேயே யாரோ ஒருத்தி சத்தமில்லாமல் நடத்திக்கொண்டு போகிறாள், அவளைக் கண்டுபிடித்தால் பதவி கொடுத்துவிடலாம் என்பது நிர்வாகத்தின் எண்ணம்.

கிளமென்ட் திருச்சியில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தான். நிறுவனங்களில் தலைமை எப்படி உருவாகிறது என்பதுதான் அவன் ஆராய்ச்சி. தொழிற்சாலையின் பெர்சனல் மேனேஜர் ஸ்தனிஸ்லாஸ் அவனுக்கு மாதா கோயிலில் பழக்கம். ஞாயிறு பூசையில் கனத்த குரலில் பாடுபவர். இந்த ஆய்வை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால், புதிதாகத் தொடங்கப்போகும் பயிற்சி நிலையத்தில் அவனுக்கு நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார். குவார்ட்டர்ஸ் உண்டு. தொழிற்சாலை மருந்தகத்துக்கு ஒரு நர்ஸும் தேவைப்பட்டது.

அந்தக் கடைசி வார்த்தைதான் கிளமென்ட்டைப் பிடித்துக்கொண்டது. அவன் மனைவி பாக்கியமேரி விருத்தாசலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி மூன்று வருடமாகிறது. அவன் வேலை எந்த ஜூன் மாதத்திலும் போய்விடலாம் என்பதால் அவள் தன் வேலையை விட முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ரயிலேறிப் போவான், ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்புவான். கல்லூரிக்குத் தூரமாக இருந்தும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் பின்புறம் அவன் அறை எடுத்திருந்ததற்குக் காரணம், விருத்தாசலம் போகும் தண்டவாளம் அந்த வழியாகப் போவதுதான். படுத்துக்கொண்டே ரயில் சத்தத்தைக் கேட்பான். அவளிடம் போகிற வண்டியா, அங்கிருந்து வருகிற வண்டியா என்று காதாலேயே பிரித்துப் பார்ப்பான். அதற்குப் பிறகு தூக்கம் வராது.

குவார்ட்டர்ஸைப் பற்றிச் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஜன்னல் எத்தனை?"

"மூணு."

அடுத்த வாரம் போனபோது பச்சை நிறத்தில் திரைத்துணி வாங்கி டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள்.

ஆய்வை அவன் புத்தகத்தில் சொன்னபடியே தொடங்கினான். வேலையில் ஒரு சிக்கல் வந்தால் யார் பேச்சைக் கேட்பீர்கள் என்று ஒவ்வொருத்தரிடமும் தனியாகக் கேட்டான். முதல் நாள் எல்லோரும் மஜீதா என்றார்கள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மஜீதா வாய்த்துடுக்கான, சுறுசுறுப்பான பெண். ஜன்னலோரத்தில் இருந்த கடைசி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அது பழைய மெஷின். கம்பி அடிக்கடி அறுந்துபோகும். அதில் உட்கார நிதானம் வேண்டும்.

உறுதிப்படுத்திக்கொள்வதற்காக இரண்டு நாள் கழித்து அதே கேள்வியைக் கேட்டான். எல்லோரும் வள்ளிக்கண்ணு என்றார்கள். அடுத்த வாரம் காளியாயி என்றார்கள். யாருடைய முகத்திலும் குற்ற உணர்வே இல்லை. கேலி செய்கிறார்கள் என்று அவனுக்குக் கோபம் வந்தது. அன்றைக்குச் சொன்னதும் இன்றைக்குச் சொல்வதும் வேறு வேறாக இருக்கிறதே என்று மஜீதாவிடமே கேட்டான்.

"அன்னிக்கு அன்னிக்கு, இன்னிக்கு இன்னிக்கு சார்" என்றாள் மஜீதா. "வேணும்னா உங்க பேரையும் எழுதிக்குங்க. நீங்களும்தான் இங்கயே நிக்கிறீங்க."

பிரிவு முழுக்கச் சிரித்தது.

தினமும் அவனை ஏற்றிக்கொண்டு போகும் தொழிற்சாலை ஜீப் ஒருநாள் பழுதாகி நின்றது. வேறு வழியில்லாமல், ராஜகோபுரத்துக்கு எதிரே பெண்கள் ஏறும் கம்பெனி பஸ்ஸில் ஏறினான். கோபுர வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. சாரத்தின் மேல் ஆட்கள் சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள். திருவானைக்கோயிலில் வியாகுலம்மாள் ஏறி, டிரைவருக்குப் பின்னாலிருந்த தனி சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பிரிவின் சூப்பர்வைசர் அவள். இரண்டு வருடத்துக்கு முன்வரை இவர்களோடு கம்பி சுற்றிக்கொண்டிருந்தவள்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் வள்ளிக்கண்ணு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்களில் வயதில் பெரியவள்.

"நேத்து யாருடி நல்லாத் தூங்கினது?"

ஒருத்திக்குக் குழந்தைக்கு ஜுரம். ஒருத்தியின் மாமியார் விடிய விடிய இருமல். ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்தாள். அவளை யாரும் தோண்டிக் கேட்கவில்லை. காளியாயி மட்டும் கொஞ்சம் வெட்கத்தோடு கையைத் தூக்கினாள். அவள் வீட்டுக்காரர் தொட்டியத்துக்கு வாழைத்தார் ஏற்றப் போயிருந்தாராம். "அந்தக் குறட்டை இல்லாம சொர்க்கமா இருந்துச்சு" என்றாள்.

"அப்ப இன்னிக்கு நீதான்" என்றாள் வள்ளிக்கண்ணு.

பேச்சு அவ்வளவோடு முடிந்தது. காளியாயி அன்றைக்குக் கடைசி மெஷினில் உட்காருவாள். எந்த ஆர்டரை முதலில் எடுப்பது, ஸ்டோருக்கு யார் போவது, அதிகாரி வந்தால் யார் பதில் சொல்வது என்று எல்லாவற்றுக்கும் அன்று அவள்தான். தூங்காதவர்கள் எழுந்து ஜன்னலோர சீட்டுகளுக்கு மாறிக்கொண்டார்கள். துவாக்குடி போகும்வரை காற்றில் கண்ணை மூடலாம்.

கிளமென்ட்டுக்குக் கிடைத்த விடைகள் ஒன்றுகூடப் பொய்யில்லை. அவன் கேள்விதான் சரியில்லை. தலைவர் யார் என்று கேட்பதே முதலில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்பது. இங்கே நாற்காலியே இல்லை. அந்தக் கேள்வி யாருக்கு வேண்டியிருந்தது என்பதை அவன் இதுவரை யோசித்ததில்லை. அவன் படித்த புத்தகங்களும் யோசித்ததாகத் தெரியவில்லை.

"சார் தூங்கினீங்களா?" என்று மஜீதா திடீரென்று கேட்டாள்.

தூங்கினேன் என்றான்.

"அப்ப நாளைக்குக் கடைசி மெஷின்ல சாரைப் போட்டுருவோம்." சிரித்தவள் அவன் கண்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். எழுந்து தன் ஜன்னலோரத்தை அவனுக்குக் கொடுத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்தனிஸ்லாஸிடம் அவன் முழுவதையும் சொல்லவில்லை. அந்தப் பிரிவில் ஒரு தலைவர் இல்லை, தலைமை நாளுக்கு நாள் கைமாறுகிறது என்று மட்டும் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"டைரக்டர் கேக்குறது ஒரு பேரு தம்பி. ஒரே ஒரு பேரு குடுங்க. ஆண்டவரே பேதுருன்னு ஒருத்தரைத்தானே வச்சாரு?"

அதே ஆண்டவர்தானே கடைசியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லோருடைய காலையும் கழுவினார் என்ற பதில் கிளமென்ட்டுக்கு வாசலைத் தாண்டிய பிறகுதான் தோன்றியது. அப்போது தோன்றாததே நல்லது என்றும் நினைத்துக்கொண்டான். ஸ்தனிஸ்லாஸ் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஒரு நாற்காலி இருந்தது.

போகிற வழியில் குவார்ட்டர்ஸ் இருந்தது. மாடி வீடு பூட்டியிருந்தது. கீழே நின்று ஜன்னல்களைப் பார்த்தான். மூன்றும் கிழக்குப் பார்த்திருந்தன. காலையில் பச்சைத் துணி வழியாக வெயில் எப்படி இறங்கும், டூட்டிக்குக் கிளம்பும் மேரி எந்த ஜன்னலருகே நின்று தலை வாருவாள் என்றெல்லாம் மனம் போயிற்று. மஜீதா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். அவளும் தகுதியானவள்தான். அவளுக்கும் சம்பளம் கூடும். யாருக்கு நஷ்டம்?

அதை மஜீதாவிடமே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தான். ஆய்வுக்கு ஆளானவர்களிடம் முடிவைக் காட்டக் கூடாது என்று புத்தகம் சொல்லியிருந்தது. அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றிய முடிவை அவர்களுக்கே காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவது?

மஜீதா மெஷினை நிறுத்தினாள். வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கிறது, சம்பளம் கூடுதலாக வந்தால் யாருக்குத்தான் கசக்கும் என்றாள். பிறகு சொன்னாள்: "நீங்க வியாகுலம் அக்காவைக் கேட்டுட்டு வாங்க சார். அவங்க என்ன சொல்றாங்களோ அதான்."

வியாகுலம்மாள் கான்டீனில் அதிகாரிகளுக்கென்று போட்டிருந்த மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெண்களெல்லாம் அந்தக் கோடியில் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி குழம்பை இன்னொருத்தி தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கிளமென்ட் தன் தட்டோடு எதிரே உட்கார்ந்து, பதவி எப்படி இருக்கிறது என்று கேட்டான். நல்லா இருக்கு தம்பி என்றாள். மரியாதையாக நடத்துகிறார்களாம், அவள் வந்தால் எழுந்து நிற்கிறார்களாம். மகன் குவைத்துக்குப் போன பிறகு இந்தச் சம்பளம் கூட அவ்வளவு தேவையில்லை என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். கண் மட்டும் அந்தக் கோடிக்குப் போய்ப் போய் வந்தது.

"பஸ்ல அவங்க கேக்குறது என் காதுலயும் விழும்" என்றாள். "மகன் போனதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. சொல்றதுக்கு வாய் வரைக்கும் வரும். ஆனா முன்சீட்டுல இருக்குறவளைத் தூங்கினியான்னு யாரு தம்பி கேப்பாங்க?"

கிளமென்ட் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அவனுக்குள் ஒன்று தெளிவாகிவிட்டது. அவன் எழுதப்போகும் பெயர் ஒருத்தியை உயர்த்தும் என்பது பாதி உண்மை. அது அவளை அந்த வட்டத்திலிருந்து எடுத்துவிடும் என்பதுதான் மீதி.

அறிக்கையில் அவன் பெயர் எதையும் எழுதவில்லை. இந்தப் பிரிவினர் பொறுப்பை முறை வைத்து ஏற்கிறார்கள், இவர்கள்மேல் ஒருவரை வைப்பதற்குப் பதிலாக அந்தச் சம்பள உயர்வை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கலாம் என்று எழுதினான். முறையை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதையும் எழுதவில்லை. எழுதினால் அடுத்த மாதமே தொழிற்சாலை வாசலில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து, யார் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று குறித்துக்கொண்டிருப்பார்.

ஸ்தனிஸ்லாஸ் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நான் எப்படி டைரக்டர்கிட்ட காட்டுவேன்?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு உண்மையாகவே வருத்தம். வாசல்வரை கூட வந்து, தோளில் கை வைத்து அனுப்பினார்.

பயிற்சி நிலையத்து வேலை மதராஸிலிருந்து வந்த வேறொருவருக்குப் போனது. கம்பி சுற்றும் பிரிவுக்கும் வெளியிலிருந்து ஒரு சூப்பர்வைசரைப் போட்டார்கள். அவர் ஸ்கூட்டரில் வருபவர். ஆகையால் பஸ் பெண்களுடையதாகவே இருந்தது.

தொழிற்சாலைக்குப் போன கடைசி நாள் கிளமென்ட் வேண்டுமென்றே அந்த பஸ்ஸில் ஏறினான். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. வள்ளிக்கண்ணு எழுவதற்கு முன்பு மஜீதாவிடம் குனிந்து, முன்சீட்டிலும் ஒருத்தர் இருக்கிறாரே என்று மட்டும் சொன்னான். அவள் அவனைப் பார்த்தாள், பிறகு முன்பக்கம் பார்த்தாள். பாலம் வந்ததும் வழக்கமான கேள்வி எழுந்தது. பதில்கள் வந்தன.

"வியாகுலம் அக்கா" என்று மஜீதா கூப்பிட்டாள். "நீங்க?"

வியாகுலம்மாள் திரும்பவில்லை. பஸ் பாலத்தைத் தாண்டும்வரை அவள் தலை அசையாமல் இருந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இல்லடி" என்றாள்.

"இங்க வாங்க. ஜன்னல் இருக்கு."

டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட் துவாக்குடி வரை காலியாகவே போயிற்று.

சனிக்கிழமை விருத்தாசலத்தில் இறங்கியபோது, எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் கிளமென்ட்டுக்கு மறந்துவிட்டன. நடந்ததை நடந்தபடியே சொன்னான். பாக்கியமேரி குறுக்கே பேசவில்லை. வியாகுலம்மாள் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்த இடத்தில் மட்டும், "பாவம்" என்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பச்சைத் துணியை எடுத்தாள். அழப்போகிறாள் என்று அவன் நினைத்தான்.

அவள் அதைத் தான் தங்கியிருந்த அறையின் ஒரே ஜன்னலில் கட்டினாள். மூன்று ஜன்னலுக்கு வாங்கிய துணி. மிஞ்சியதை மடித்து மடித்து மேலேயே செருகினாள். மத்தியான வெயில் பச்சையாகி அறைக்குள் இறங்கியது.

"படுங்க" என்றாள்.

"உனக்கு நைட் டூட்டி இல்லையா நேத்து?"

"வார்டுல கூட்டமே இல்ல. நல்லாத் தூங்கினேன்." பாயை உதறி விரித்தாள். "இன்னிக்கு என் முறை."

அவள் கண்கள் சிவந்திருந்தன. கிளமென்ட்டுக்கு அந்தப் பொய் தெரிந்தது. அவனும் ஒருமுறை பஸ்ஸில் சொன்ன பொய்தான். ஆனால் மறுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியை எடுத்துக்கொண்டாள்.

ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு ரயிலின் சத்தம் வந்தது. அது எந்தப் பக்கம் போகிறது என்று அவன் காது கொடுத்துக் கேட்கவில்லை.