சவுக்குக் கத்தி வெட்டிய கைகள்

வெண்ணெயைக்கூட வெட்டாத சவுக்குக் கட்டைக் கத்தி, எங்கள் வீட்டு இக்கிஷாவின் இரண்டு கைகளையும் மணிக்கட்டோடு துண்டித்தது. யூப்ரடீஸ் ஆற்றில் வெள்ளம் பிந்தி வந்து, வாற்கோதுமை விலை இரட்டிப்பான ஆண்டு அது. இரத்தம் வரவில்லை. கைகள் நாணல் பாயில் விழுந்து, விரல்களை மடக்கிக்கொண்டு தூங்கிப்போயின.

தெய்வச் சிலை செய்வது எங்கள் வீட்டுத் தொழில். வேறு எந்த வேலைக்கும் எங்கள் ஆண்கள் குனிந்ததில்லை. சிலைக்கு உயிர் கொடுக்க வாய் திறக்கும் சடங்கு ஆற்றங்கரையில் நடக்கும். செய்தவனின் கைகளைத் துணியால் கட்டி, அவற்றின்மேல் பூசாரி மரக்கத்தியை வைப்பார். 'நான் செய்யவில்லை, தெய்வம் தானே பிறந்தது' என்று செய்தவன் சத்தியம் செய்வான். பிறகு கத்தியை எடுத்துவிடுவார்கள்; எல்லோரும் பேரீச்சம்பழம் தின்றுவிட்டு வீடு திரும்புவார்கள். எங்கள் முன்னோர் யாரும் அந்தச் சத்தியத்தைப் பொய்யாகச் சொன்னதில்லை. உளியைக் கீழே வைத்ததும் செய்ததை மறந்துவிடுவது எங்கள் வழக்கம். அந்த ஆண்டு சூரியசாமியைச் செய்த இக்கிஷா மறக்கவில்லை. எதிர்வீட்டுச் சிற்பி ஷூலா மதுக்கடையில் உட்கார்ந்து, "சூரியசாமி மூஞ்சிய எங்க பட்டறையிலதான் திருத்துனோம். அவனுக்கு மூக்கு வைக்க வராதுப்பா" என்று சொல்லியிருந்தான். அதைக் கேள்விப்பட்ட இக்கிஷா, சிலையின் இடது பாதத்துக்கு அடியில் எங்கள் வீட்டு முத்திரையான தேளைச் செதுக்கிவிட்டுப் போய்ச் சத்தியம் செய்தான். வீட்டு மானத்துக்காகச் செய்தான். அதைத் தவறு என்று நான் எழுதமாட்டேன்.

கைகளை ஆற்றில் எறியும்படி பூசாரி சொன்னார். இக்கிஷாவின் தாய் இன்சப்து அவற்றைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள். "எம் புள்ள கையி. ஆத்துல போடச் சொல்ல நீரு யாருய்யா? மொதல்ல உம்ம கத்தியப் போடும்!" என்றாள். அதன் பிறகு ஊர் எங்களைப் பொய்க்கை வீடு என்றது. எங்கள் பட்டறைக்கு ஒரு சாமி வேலையும் வரவில்லை. இக்கிஷாவுக்குப் பெண் கொடுக்க இருந்தவர், நாங்கள் பரிசமாக அனுப்பிய ஆடுகளைத் திருப்பி ஓட்டிவிட்டார். கைகள் கூடையில் தூங்கின. நகம் வளர்ந்தால் இன்சப்து வெட்டிவிடுவாள்.

அடுத்த அறுவடையின்போது கிழக்கு நாட்டு ஏலாமியர் படையெடுத்து வந்து ஊர் மதிலை உடைத்தார்கள். காவலர்களின் தலைகளைக் கோவில் படிகளில் சுரைக்காய்போல் அடுக்கினார்கள். வாய்க்கால் பிணங்களால் அடைபட்டு, கீழ்வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. சின்னச் சாமிகளைப் பிளந்து, அந்த விறகில் ஆடு சுட்டுத் தின்றார்கள். சூரியசாமியை மட்டும் கயிறு கட்டிப் படுக்கவைத்தார்கள். ஜெயித்தவன் தோற்றவனின் சாமியைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோவது எல்லா அரசர்களும் செய்வதுதான். வழியில் பொன்தகடு உரிந்தால் ஒட்டுவதற்கு அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மிஞ்சியவர்களைக் கோவில் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, "இதச் செஞ்சது எவன்?" என்று தளபதி எங்கள் மொழியிலேயே கேட்டான்.

"யாரும் செய்யல. சாமி தானாப் பொறந்துச்சு" என்றார் பூசாரி. அவர் தலை விழுந்தது.

தளபதி சிலையின் பாதத்தைப் பார்த்துவிட்டு ஷூலாவிடம் வந்தான். "அப்ப இந்தத் தேளு?"

அது யாருடைய தேள் என்பது ஷூலாவுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தான். "தேளும் தானாத்தான் பொறந்துச்சு" என்றான். அவன் தலையும் விழுந்தது. எதிர்வீட்டாரைப் பற்றி நான் நல்லதாக எழுதுவது இது ஒன்றுதான்.

வரிசையில் அடுத்து நின்றவள் இன்சப்து. அவளை மயிரைப் பிடித்து இழுத்தபோது இக்கிஷா முன்னால் வந்தான். "விடுடா எங்கம்மாவ! நாந்தான் செஞ்சேன். மூஞ்சி, மூக்கு, தேளு, அத்தனையும் நாந்தான்."

தளபதி அவனுடைய மொட்டைக் கைகளைப் பார்த்துச் சிரித்தான். "எதாலடா செஞ்ச? பல்லாலயா?"

அப்போது எங்கள் வீட்டுக் கூடையில் கைகள் விழித்துக்கொண்டன. தெருவில் கிடந்த பிணங்களைத் தாண்டி, விரல்களால் நண்டுபோல் ஓடிவந்து, தளபதியின் மார்பில் ஏறிக் கழுத்தைப் பிடித்தன. வீரர்கள் இக்கிஷாவின் வயிற்றில் மூன்று ஈட்டிகளைச் செருகினார்கள். பிடி தளரவில்லை. விரல்களை வாளால் வெட்டினார்கள், வாள்தான் மழுங்கியது. தளபதியின் கண்கள் பிதுங்கி, நாக்கு தாடிவரை தொங்கி, உயிர் போயிற்று. இக்கிஷா அதைப் பார்த்துவிட்டுத்தான் செத்தான். கைகளைப் பிரிக்க முடியாத வீரர்கள், சாமிக்காகக் கொண்டுவந்த வண்டியில் தளபதியை அப்படியே கிடத்தி, கிழக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். சூரியசாமி கட்டிய கயிற்றோடு முற்றத்திலேயே கிடந்தார். ஷூலாவின் மகன் வந்து கயிற்றை அவிழ்த்தான். இக்கிஷாவை எங்கள் வழக்கப்படி வீட்டுத் தரைக்கு அடியில் புதைத்தோம்.

கைகள் திரும்பிவர வெகுகாலம் ஆயிற்று. மணிக்கட்டுவரை சேறோடும், ஒரு விரலில் நகம் இல்லாமலும் வாசலில் வந்து நின்றன. இன்சப்துவுக்கு அதற்குள் பார்வை போயிருந்தது. தடவிப் பார்த்து, "எங்கடா ஊர் சுத்திட்டு வர்றீங்க?" என்று திட்டி, கழுவி, கோதுமை மதுவில் நனைத்துவிட்டாள். மறுநாள் காலையில் பட்டறையில் உளிச் சத்தம் கேட்டது.

ஏலாமியர் எரித்த சாமிகளை எல்லாம் அந்தக் கைகளே மறுபடி செய்தன. இன்றும் செய்கின்றன. எங்கள் வீட்டில் முதல் ரொட்டி அவற்றுக்குத்தான். சடங்கு நாளில் எங்கள் ஆண்கள் ஆற்றங்கரையில் நிமிர்ந்து நின்று, 'நான் செய்யவில்லை' என்று சத்தியம் செய்கிறார்கள். மரக்கத்தி யாரையும் வெட்டுவதில்லை. சாமியின் இடது பாதத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஊரில் யாரும் குனிவதும் இல்லை.