ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு வரி

தண்டாயுதபாணி எதையும் வாய்விட்டுப் படித்துத்தான் சரிபார்ப்பார். முப்பது வருடம் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். ராசிபுரத்தில் அவர் வீட்டு முன்னறையில் ஒரு வாரமாக அவர் தன் நினைவுக்குறிப்பை வாசிக்க, நான் அச்சுப்படியில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அதே சேனலில் இரவுப் பணி பார்த்துப் பாதியில் ஓடிவந்தவன் நான். உள்ளூர்க்காரன் என்று அவரே கூப்பிட்டிருந்தார். நாளை காலை புத்தகம் சேலத்தில் அச்சேற வேண்டும்.

ஒன்பதாம் அத்தியாயம் செய்திகளின் பக்கச்சார்பு பற்றியது. முதலாளிகளையும் கட்சிக்காரர்களையும் நன்றாகவே கிழித்திருந்தார். பிறகு அந்த வரி வந்தது.

“விசைத்தறி வேலைநிறுத்தத்தின்போது, இரண்டாண்டு பழைய கல்லெறிக் காட்சியின் மேலிருந்த ‘கோப்புக் காட்சி’ என்ற எழுத்தை ஓர் இரவுப் பணியாளர் கவனக்குறைவாக அழித்துவிட்டார்.”

குரலில் பிசிறே இல்லை.

அழித்தது நான்தான். கவனத்தோடுதான் அழித்தேன். ஒப்பனை அறையிலிருந்து போனில் சொன்னது இவர். பழைய காட்சி அன்றைய கலவரமாக ஓடியது. அதில் ஓரமாக நின்றிருந்த தறிக்காரன் மயில்சாமி நாற்பத்தொரு நாள் சிறையில் இருந்தான். வெளியே வந்தபின் யாரும் அவனை வேலைக்குச் சேர்க்கவில்லை.

“நீங்க போன்ல சொல்லித்தானுங்க அழிச்சேன்.”

“உம்பட பேரப் போடலியே சாமி. அப்பறமென்ன?”

“உங்க பேரும் இல்லீங்களே.”

“இப்பப் பேசற. அன்னைக்கு இந்த வாய எங்க அடகு வெச்சிருந்த?”

அந்த இரவுக்குப் பிறகும் எட்டு மாதம் அங்கேயே சம்பளம் வாங்கினேன்.

அவர் மனைவி கந்தம்மாள் காபியை மேசையில் வைத்தார். “மயில்சாமி சம்சாரம் சந்தையில என்னையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறா. பொஸ்தகத்துலயும் இதையே போட்டீங்கன்னா நான் எந்தச் சந்தைக்குப் போறதுங்க?”

அவர் காபியை எடுக்கவில்லை.

நான் அந்த வரியை அடித்தேன். மேலே எழுதினேன்: ‘அந்த எழுத்தை அழிக்கச் சொன்னவன் தண்டாயுதபாணியாகிய நான். அழித்தவர் சந்திரசேகர். சிறைக்குப் போனவர் மயில்சாமி.’ என் பெயரை மட்டும் இரண்டாம் முறை அழுத்தி எழுதினேன். தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

பழக்கம் விடவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செய்திக் குரலில் தொடங்கினார்.

“அந்த எழுத்தை அழிக்கச் சொன்னவன்…”

அங்கே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வலது கை மெல்ல உயர்ந்து காதைத் தொட்டது. அடுத்து என்ன படிக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறை சொல்லிக்கொண்டே இருந்த கருவி, முப்பது வருடம் அந்தக் காதில்தான் இருந்தது. விரல் அங்கேயே அழுத்தியபடி இருந்தது.