கோழி மருந்து

மருந்துக் குப்பியின் லேபிளைப் படித்ததுமே விமலாராணிக்குச் சுருக்கென்றது. கோலிஸ்டின். ஐசியூ நர்ஸ் எழுதிக் கொடுத்து, கீழே கடையில் வாங்கி வந்த ஊசி மருந்து. அந்தப் பெயர் அவளுக்குப் பழக்கமானது. அவிநாசிப் பக்கம் அவர்களுடைய பிராய்லர் கொட்டகைக்குக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகும் பொடியில் அதே பெயர்தான் இருந்தது. கோழிகளுக்குக் கழிச்சல் கண்டாலும் காணாவிட்டாலும் அவள் கணவர் தாமஸ் அதைக் குடிதண்ணீரில் கொட்டி வெறுங்கையால் கலக்குவார்.

அந்தத் தாமஸ்தான் இப்போது உள்ளே கிடந்தார். கொட்டகையின் கூரைத் தகரம் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஒரு மருந்து போட்டார்கள், கேட்கவில்லை. வேறொன்றுக்கு மாற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை.

கூட இருந்த கொழுந்தன் ஜெஃபின் குப்பியை வாங்கிப் பார்த்தான்.

"அண்ணி, இது நம்ம கோழி மருந்துங்க!"

"மெல்லப் பேசுங்க தம்பி."

"ஏனுங்க மெல்ல? கோழிக்கே போடக் கூடாதுன்னு கவர்மெண்ட் நிறுத்திப்போட்டதுங்க இது. மிச்சம் கெடந்ததை ஆஸ்பத்திரிக்குத் தள்ளி உட்டுட்டானுக. அண்ணன் என்ன, நாப்பது நாள்ல லோடு ஏத்தற பிராய்லரா?"

அவன் சொன்னது அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. கோழிக்கு ஆகாதது மனுஷனுக்கு எப்படி ஆகும்? குப்பியைத் திரும்ப வாங்கி மருந்துப் பையில் போட்டு, அதை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் வந்து கேட்டாள்.

"டாக்டர் வரட்டும்ங்க. அவருகிட்டத்தான் கொடுப்பேன்."

"லேட் பண்ணாதீங்கம்மா" என்று நர்ஸ் சிடுசிடுத்துவிட்டுப் போனாள். அந்த அவசரமும் சந்தேகமாகவே இருந்தது.

டாக்டர் கிருபாசங்கர் வேகமாக வந்தார். "என்னங்கம்மா, மருந்து தர மாட்டேன்னீங்களாமா?"

"இது கோழி மருந்துங்க."

"யாருங்க சொன்னது?"

"யாரு சொல்லோணும்? நாங்களே வருஷக்கணக்காப் போட்டிருக்கறோம்."

டாக்டரின் முகம் மாறியது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "கலக்குனது யாருங்க?"

"அவருதான்." சொன்ன பிறகு உறைத்தது. "எதுக்குக் கேக்கறீங்க? நாளைக்கு ஒண்ணுன்னா எங்க மேலயே பழி போடறதுக்குங்களா?"

"இல்லீங்க. மத்த மருந்து எதுக்கும் இந்தக் கிருமி அடங்கலை. வேற வழியில்லாதப்போ போடறதுக்குன்னு வெச்சிருக்கறது இது. கோழிக்குப் போட்டுப் போட்டுக் கிருமி பழகிட்டா, மனுஷனுக்குக் கேக்காமப் போயிரும். அதனாலதாங்க நிறுத்தச் சொன்னாங்க."

"எங்க ஊட்டுக்காரருக்குக் கேக்குங்களா?"

"டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரலை. அதுவரைக்கும் அவரு தாங்க மாட்டாரு. கிட்னிக்கும் சிரமம் கொடுக்கற மருந்துதான். ஆனா போட்டுத்தான் பாக்கோணும்."

பொய் சொல்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கண்ணைத் திருப்பவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இவர் திருடன் என்றால் வண்டி வைத்து வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடலாம், அங்கே நல்ல மருந்து இருக்கும். திருடன் இல்லையென்றால் எங்கே கொண்டு போவது?

பையைக் கொடுத்துவிட்டாள்.

அன்று முழுக்கக் காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் நீர் பிரியவில்லை. ரிசல்ட் வந்தபோது டாக்டரே வெளியே வந்து, இந்த மருந்துக்கும் கிருமி அடங்காது என்று தெரிந்துவிட்டதாகச் சொன்னார். கொட்டகைதான் காரணமா என்று கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாதுங்க என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் தாமஸ் போய்விட்டார்.

வராண்டாவில் ஜெஃபின் கத்தினான். "டூப்ளிகேட் மருந்தைப் போட்டுக் கொன்னுபோட்டானுக! கேஸ் போடலாங்க அண்ணி, உட்டுறக் கூடாது."

நர்சுகள் எட்டிப் பார்த்தார்கள். விமலாராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அசல் மருந்துதான் தம்பி" என்றாள். "வண்டிக்குச் சொல்லுங்க."