லிட்டருக்கு இருபத்தைந்து

என் வீட்டுக்காரர் கார் வாங்கப் போனபோது நிறத்தைக் கேட்கவில்லை, இடவசதியைக் கேட்கவில்லை. "எவ்வளவு குடுக்கும்?" என்று மட்டும்தான் கேட்டார். லிட்டருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் என்றார்களாம். இருப்பதிலேயே சின்ன இன்ஜினாகப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். எதிர்வீட்டு பிளம்பரின் பெரிய ஜீப்பைப் பார்த்தால் போதும், "அது வண்டியில்ல, பெட்ரோல் குடிகாரன்" என்பார்.

நாங்கள் இருப்பதோ பள்ளத்தில். நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மேட்டின் உச்சியில். அன்று தலைமை நர்ஸாக எனக்கு முதல் நாள். ஏழு மணிக்கு மருந்து அலமாரிச் சாவியை வாங்க நான் அங்கே நிற்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் பொறுப்பு வேறொருத்திக்கு என்று பெரிய டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். பதினைந்து வருஷம் காத்திருந்து வந்த சாவி அது.

ஏழுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான். ரத்தப் பரிசோதனைக்காக மாமியாரும் பின்சீட்டில். மேட்டில் ஃபர்ஸ்ட் கியரில் இவர் மிதித்த மிதிக்கு வண்டி முனகியது, ஆனால் ஏறுவேனா என்றது.

"கார் வாங்கினியா, கழுதை வாங்கினியாடா?" என்றார் மாமியார்.

மகனின் கண் ரோட்டில் இல்லை, மைலேஜ் காட்டும் திரையில் இருந்தது. இருபத்தைந்து அங்கே எட்டாகியிருந்தது. ஓரங்கட்டினார்.

"கொஞ்சம் இறங்கி நடந்து வாயேன். மேல நிக்கிறேன்."

"என்னங்க, எனக்கு மணி ஆகுது!"

"லோடு குறைஞ்சாதான் ஏறும்மா."

ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. இறங்கி நடந்தேன். வெட்கக்கேடு, காரும் நானும் கொஞ்ச தூரம் சேர்ந்தே போனோம்.

பக்கத்தில் வந்து நின்றான் அந்தப் பெட்ரோல் குடிகாரன். "ஏறுங்கக்கா" என்றார் பிளம்பர். பின்னால் முழுக்க இரும்புக் குழாய்கள். அத்தனையையும் சுமந்துகொண்டு தேர்ட் கியரில் அலுங்காமல் ஏறியது ஜீப்.

"இது எவ்வளவு தம்பி குடுக்கும்?"

"இந்த மேட்டுலயா? பதினொண்ணு. போட்டு மிதிக்க வேண்டியதில்ல பாருங்க, அதான்."

எங்கள் காரைக் கடந்தோம். மாமியார் கையசைத்தார். ஏழுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது சாவி என் கைக்கு வந்தது.

சாயங்காலம் இவர் வாசலிலேயே நின்றார், வாயெல்லாம் பல்லாக. "நீ இறங்கினதும் மைலேஜ் எட்டுல இருந்து பத்தாச்சு, தெரியுமா!"

எனக்குச் சுருக்கென்றது. சாவி கிடைத்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை மனுஷன்.

"அப்படியா? நாளைக்கு நீங்களும் இறங்கிடுங்க" என்றேன். "இன்னும் நல்லா குடுக்கும்."