ஏழாவது ஜோடி

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வேலை, தங்கள் ரத்தத்தையே பரிசோதிப்பது. அதிலுள்ள அணுக்களை மூன்று நாள் வளர்த்து, ஓர் உயிரணுவைப் படமெடுத்து, அதிலுள்ள நாற்பத்தாறு குரோமோசோம்களையும் கத்தரியால் வெட்டி, ஜோடி ஜோடியாகத் தாளில் ஒட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் அந்தத் தாள் பட்டப்பெயரோடு சுவரேறும்.

என் பட்டப்பெயர் குருவி. என்னோடு சேர்ந்தவன் ஒட்டகம். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான்.

கடைசி ஜோடியில் வந்தது வினை. பெண்ணான எனக்கு இரண்டு எக்ஸ் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில், கல்யாண வீடு மாறி வந்தவனைப் போல ஒரு குட்டி ஒய். குழாயை மாற்றி வைத்துவிட்டான் என்று ஒட்டகத்தின் மேல் பாய்ந்தேன். அவன் தன் தாளைக் காட்டினான். அதிலும் ஒய்.

"ஆளுக்கொண்ணு குடுக்க நான் என்ன ஒய் கடையா வெச்சிருக்கேன்?"

மறுபடி ரத்தம் எடுத்து, குழாயை யாரையும் தொடவிடாமல் காவல் காத்தேன். மூன்று நாள் கழித்து அதே குட்டி.

இருபத்து மூன்று வயதாகியும் நான் வயதுக்கு வரவில்லை. சிலருக்கு லேட்டாகும் என்று சொல்லிச் சொல்லி அம்மாவும் ஓய்ந்துவிட்டாள். சிலருக்கு ஒய் இருந்தும், ஆண் ஹார்மோன் சொல்வதை உடம்பு காதில் போட்டுக்கொள்ளாது, பெண்ணாகவே வளரும். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி அது. விடை நான்தான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

ஆய்வகத் தலைவியான டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். ஒரு நிபுணரைப் பார்க்க நாள் வாங்கித் தந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, சுவருக்கு வேண்டுமானால் தன் குரோமோசோம் படத்தின் நகலையே ஒட்டிக்கொள், யாருக்கும் தெரியாது என்று ஒன்றை நீட்டினார்.

அந்த நகலைப் பையில் வைத்துக்கொண்டு அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்ட முதல் கேள்வி:

"இனிமே உன்ன தம்பின்னு கூப்பிடணுமா?"

"கூப்பிட்டுத்தான் பாரேன்."

"அப்போ என் கம்மலத் திருப்பிக் குடு."

சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. கம்மல் என்னிடமே இருக்கட்டும் என்றும், அந்த நிபுணரைப் பார்க்கத் தானும் வருவதாகவும் சொல்லிப் போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை, பையில் இரண்டு தாள்கள். என்னுடையதை எடுத்துச் சுவரில் குத்தினேன்.

எல்லார் கண்களும் கடைசி ஜோடிக்கு இறங்கி, 'குருவி' என்ற பெயருக்கு ஏறி, என்னிடம் வந்தன. படம் மாறிவிட்டதா என்று வரவேற்பறை அக்கா மெல்லக் கேட்டார்.

"மாறலக்கா. என்னோடதுதான்."

ஒட்டகம் குனிந்து, மூக்கு தாளில் இடிக்கப் பார்த்தான்.

"ஏழாவது ஜோடியத் தலைகீழா ஒட்டியிருக்கியே."

பார்த்தேன். ஆமாம். இரண்டு முறை செய்தும், கடைசி ஜோடியையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஏழாவதைக் கவனிக்கவே இல்லை. நகத்தால் பெயர்த்துத் திருப்பி ஒட்டினேன். பசை டப்பாவை வரவேற்பறை அக்காதான் பிடித்துக்கொண்டார்.