நாலு முனை இங்கிலீஷ்

“தப்பு. விட்டுட்டேன், பாரு.”

மூத்தவள் தன் பக்கத்து இரண்டு முனைகளையும் விட்டாள். துவைத்துக் காய்ந்த படுக்கை விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. இனி அதைத் திரும்பத் துவைக்க வேண்டியது சின்னவள் பாடு. இஸ்திரி மேசைக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இருவரும் ஓரகத்திகள். ஒரே ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தில் வேலை. மூத்தவள் கல்லூரி வாசலை மிதித்தவள். விரிப்பு மடிக்க ஆளுக்கு இரண்டு முனை பிடித்து நெருங்கி வர வேண்டும் இல்லையா, அந்த நடையில்தான் இலக்கணப் பாடம். அவள் தமிழில் கேட்பாள்; முனையோடு முனை சேர்வதற்குள் சின்னவள் இங்கிலீஷில் சொல்லிவிட வேண்டும். ‘ஐ கோ’, ‘ஷீ கோஸ்’, நேற்று என்றால் ‘வென்ட்’. தவறினால் விரிப்பு தரைக்குப் போகும். பொழுதுபோகாமல் ஆரம்பித்த விளையாட்டு அது.

துவைத்துத் துவைத்தே சின்னவளுக்கு இலக்கணம் படிந்துவிட்டது. விரிப்பு விழுவது நின்றது. மூத்தவளுக்கு விளையாட்டு கசந்தது.

அந்த நேரம் பார்த்து, மேலே வரவேற்பில் போன் எடுக்க இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும், கீழே யாராவது இருந்தால் வரட்டும் என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார். நாற்காலி ஒன்று. பெயர் கொடுத்தது இவர்கள் இருவர். சின்னவளுக்கு நீராவி பட்டுப் பட்டு இருமல் நெஞ்சிலேயே குடியேறியிருந்தது; இனியும் கீழே நின்றால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூத்தவளுக்கு இருமல் எல்லாம் இல்லை. நேற்று வந்தவள் மேலே உட்கார, தான் கீழே நிற்பதா என்ற எரிச்சல்தான்.

நேர்காணல் அன்று மேனேஜர் அறை வாசலில் சின்னவள் ஒரு கைத்துண்டைப் பிடித்தபடி நின்றாள்.

“கையில துணி இல்லாட்டி எனக்கு இங்கிலீஷே வர மாட்டேங்குதுக்கா. வீட்ல சும்மா சொல்லிப் பார்த்தேன், ஒண்ணுமே வரல.”

மூத்தவள் அவள் முடியை ஒதுக்கிவிட்டாள். அத்தனை அன்பாக.

“பைத்தியம். மேனேஜர் முன்னாடி யாராவது துண்டும் கையுமா போய் நிப்பாங்களா? கொடு, நான் வச்சிருக்கேன்.”

சின்னவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. நேற்று என்ன வேலை செய்தாய் என்று மேனேஜர் இங்கிலீஷில் கேட்டது வெளியே கேட்டது. எத்தனையோ தடவை சொன்ன பதில். சின்னவளின் விரல்கள் காற்றில் முனையைத் தேடின. கைகள் விரிந்தன, சேர்ந்தன, மறுபடி விரிந்தன. வாய் திறக்கவே இல்லை. கையில் ஏதும் நரம்புக் கோளாறா என்று அவர் பரிவோடு விசாரித்து அனுப்பினார்.

அடுத்து மூத்தவள் போனாள், துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு. நாற்காலி அவளுக்கு.

மறுநாள், சலவைக்கூடத்தில் மூத்தவளுக்குக் கடைசி நாள். சின்னவள் இருமிக்கொண்டே ஒரு விரிப்பைக் கொண்டுவந்து இரண்டு முனைகளை நீட்டினாள்.

“கேளுங்கக்கா. நேத்து என் துண்டை யாரு வாங்கினாங்கன்னு கேளுங்க. இங்கிலீஷ்லயே சொல்றேன்.”

மேசைக்காரிகள் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மூத்தவளின் கைகள் பாதி நீண்டு நின்றன. பிடித்தால் கேட்டாக வேண்டும். பிடிக்காவிட்டால் விரிப்பு தரைக்குப் போகும், கேட்காமலே எல்லாருக்கும் விளங்கிவிடும்.

நீங்களாக இருந்தால் அந்த முனையைப் பிடித்திருப்பீர்களா, சொல்லுங்களேன்?